மலை ஏறும் ஆம்பியூல்

சுண்டுவிரலை விடச் சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு மில்லி திரவம், பார்வைக்குத் தண்ணீர்தான். அதில் 5 யூனிட் ஆக்ஸிடோசின் கரைந்திருக்கிறது. பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் இப்படி இரண்டு ஆம்பியூல்களை உடைத்து, 10 யூனிட்டைத் தாயின் தொடைத் தசையில் போட வேண்டும். கருப்பை இறுகும். நஞ்சு கழன்று வரும். நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை அந்த இறுக்கமே நெரித்து மூடும். கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடந்தால், ஆரோக்கியமாக வந்து படுத்த பெண் இரண்டு மணி நேரத்தில் உயிரை விடலாம். உலகெங்கும் பிரசவத்தில் தாய்மார் இறப்பதற்கு முதல் காரணம் இந்த உதிரப்போக்கு. இந்தியாவிலும் அதுவே.

சில ரூபாய் விலையுள்ள இந்தக் குப்பி கள்ளக்குறிச்சியின் சமவெளியைக் கடந்து, கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை மேல் உள்ள ஒரு லேபர் ரூமுக்குப் போய்ச் சேரும் வரை அதை யார் செய்யலாம், யார் விற்கலாம், எந்தக் குளிரில் வைக்க வேண்டும், எந்த அட்டையில் அடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு படிக்கும் சட்டம் எழுதி வைத்திருக்கிறோம். கடைசிப் படியில் அதை உடைத்து ஊசியில் ஏற்றும் செவிலியரின் கைக்கு மட்டும் அந்த அளவு தெளிவாக எதையும் எழுதவில்லை. மலையில் அந்தக் கை பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறது.

இந்த மருந்தின் கதை 1906இல் தொடங்குகிறது. பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கவைக்கிறது என்று ஆங்கிலேய ஆய்வாளர் ஹென்றி டேல் கண்டார். மூன்று ஆண்டுகளில், 1909இல், பிளேர் பெல் என்ற மகப்பேறு மருத்துவர் அந்தச் சாற்றைப் பிரசவத்தில் பயன்படுத்தி எழுதினார். அப்போது அது விலங்குகளின் சுரப்பியிலிருந்து வடித்த சாறு. வேகம் ஒரு குப்பிக்கு ஒரு விதமாக இருக்கும். வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த அந்த மூலக்கூறைச் செயற்கையாகவே செய்து காட்டினார். 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு இத்தனை யூனிட், இந்த நேரத்தில், இந்த வழியில் என்று எவருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடிய மருந்தாக அது மாறியது. மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு செவிலியர் அதைப் போடலாமா என்ற கேள்வியே, அளவு நிலைப்பட்ட பிறகுதான் எழ முடியும்.

செவிலியருக்கான சட்டம் வேறு வழியில் வந்தது. நாடு தழுவிய அளவில் செவிலியரைப் பதிவு செய்யும் சட்டத்தை முதலில் இயற்றியது நியூசிலாந்து, 1901இல். இங்கிலாந்து 1919இல் செய்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு வெகு முன்பே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் வந்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனை செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது. சட்டம் 1926இல் வந்தது: சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம், அந்த ஆண்டின் மூன்றாவது சட்டம். இன்று அதன் பெயரில் சென்னை போய்த் தமிழ்நாடு வந்திருக்கிறது. அதில் பிறந்த கவுன்சில் இப்போது சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்து முடிக்கும் ஒவ்வொரு செவிலியரும் அந்தக் கட்டடம் தரும் பதிவு எண்ணைத்தான் வாழ்நாள் முழுக்கத் தன் பெயரோடு சுமக்கிறார்.

அந்தச் சட்டம் செய்த பெரிய காரியத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அதற்கு முன் வெள்ளை உடை போட்ட எவரும் நர்ஸ். அதற்குப் பின் ஒரு பதிவேடு இருந்தது. பயிற்சி பெற்ற நாட்டு மருத்துவச்சியைக்கூட அந்தப் பதிவேட்டுக்குள் கொண்டுவர இடம் வைத்திருந்தார்கள். தவறு செய்தால் பெயரை நீக்கலாம். பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் உலாவினால் தண்டிக்கலாம். பெண்கள் செய்த ஒரு வேலையைத் தொழில் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது அது.

ஆனால் 1926இல் அந்தச் சட்டம் மனத்தில் வைத்திருந்த செவிலியர் நகரத்து வார்டில் நின்றவர். கூப்பிட்டால் மருத்துவர் வருவார். அதே ஆண்டில் கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அவர்கள் பிடி 1976 வரை நீடித்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. 1976 ஜூன் 25இல்தான் இந்த மலை முழுமையாக நாட்டின் நிர்வாகத்தோடு சேர்ந்தது என்பது அந்த வழக்கில்தான் பலருக்கும் தெரியவந்தது. சமவெளிக்காரர்கள் வாக்குச்சாவடி, பள்ளி, பிரசவ வார்டு என்று பழகிவிட்ட ஐம்பது ஆண்டுகள் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்குக் கிடைக்காமல் போயின. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு என்று ஊர்ப்பெயர்களை அடுக்கும் எவரும் அந்த ஐம்பது ஆண்டுகளைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

நாடு முழுக்கவும் செவிலியர் எண்ணிக்கை அப்போது பரிதாபமாக இருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் எண்ணிப் பார்த்தபோது 7,000 செவிலியர்தான். 43,000 பேருக்கு ஒருவர். அடுத்த ஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. எந்தப் பட்டயம் எந்த மாநிலத்தில் செல்லும், பாடத்திட்டம் என்ன என்பதை அது சீர்செய்தது. அதிலும் படிப்பும் தேர்வும் பதிவும்தான். மருத்துவர் இல்லாத இரவில் ஒரு செவிலியர் எந்த மருந்தைத் தானே தொடங்கலாம் என்பதைச் சொல்லும் பிரிவை இரண்டு சட்டங்களிலும் தேடி ஏமாந்துபோகலாம்.

மருந்தின் பக்கம் திரும்பினால் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆக்ஸிடோசின், மருந்து விதிகளின் எச் அட்டவணையில் இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. ஒவ்வொரு ஆம்பியூலும் தனித்தனி பிளிஸ்டர் அட்டையில் அடைக்கப்பட வேண்டும், மொத்தமாகக் கொட்டி விற்கக் கூடாது. இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் பிரசவ அறை அல்ல, மாட்டுக் கொட்டகை. பால் சுரப்பை இறக்க மாடுகளுக்கு இந்த ஊசியைப் போடும் பழக்கம் பல இடங்களில் பரவியது. பாலைக் கறக்க மாட்டுக்கு ஊசி போடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. அப்படியும் நிற்கவில்லை.

2018 ஏப்ரல் 27இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உள்நாட்டுத் தேவைக்கான ஆக்ஸிடோசினை இனி ஒரே ஓர் அரசு நிறுவனம், பெங்களூருவில் இருக்கும் கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ், மட்டுமே செய்யலாம். தனியார் செய்யக் கூடாது. செப்டம்பர் 1 முதல் அமல் என்றார்கள். நாட்டின் லேபர் ரூம்கள் அத்தனைக்கும் ஒரே தொழிற்சாலை என்றால், அங்கே ஓர் இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்று மகப்பேறு மருத்துவர்களும் மருந்து இயக்கங்களும் கேட்டார்கள். 2018 டிசம்பர் 14இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. போதிய அறிவியல் அடிப்படை இல்லாமல், பெண்களின் உயிருக்கு வரும் ஆபத்தை எடைபோடாமல் எடுத்த முடிவு என்றது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஒரு மில்லி திரவத்துக்காக அமைச்சகமும் இரண்டு நீதிமன்றங்களும் இவ்வளவு நேரம் செலவிட்டது சரியே. அதைப் போடும் கைக்காக அதில் பாதி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

தமிழ்நாட்டுக்குள் வந்ததும் ஆம்பியூலுக்கு நல்ல காலம். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் இருக்கும் தொகைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். நாட்டின் பல மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

ஆக்ஸிடோசினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். வெயிலில் காய்ந்தால் அது நிறம் மாறாது, கலங்காது, நாறாது. வீரியம் மட்டும் போய்விடும். ஊசி போட்டாயிற்று என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும், கருப்பை இறுகாது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெப், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மூன்றும் சேர்ந்து 2019இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டன: குளிர்ச் சங்கிலி அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சியிலிருந்து மலை அடிவாரம் வரை போகும் ஜீப்பில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் ஒரு மில்லிக்கும், மேலே மழையில் மின்சாரம் போனால் நிலையத்தின் ஃப்ரிட்ஜுக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால், நடைமுறையில் அதுவும் செவிலியர்தான். வெப்பநிலையைக் காலை மாலை குறித்து வைப்பது அவர் வேலை.

மலைக்கு மேலே தமிழ்நாடு செய்திருக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைக் கொடுத்து, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் இடமாக மாற்றினார்கள். பழங்குடிப் பகுதி நிலையங்களில், நாள் நெருங்கிய கர்ப்பிணி முன்கூட்டியே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகள் வந்தன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2018-20க்கான கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்குத் தாய் மரணம் 54. நாட்டின் சராசரி அப்போது 97. இந்த எண்களின் அடியில் இருப்பது மருத்துவர்கள் மட்டுமல்ல. ஷிப்டில் ஒருவராக நின்ற நர்ஸ்களும், மரவள்ளிக் காட்டு வழியே நடந்து கர்ப்பிணிகளைப் பதிவு செய்த கிராம சுகாதார செவிலியர்களும்தான். சாலை எட்டாத குக்கிராமத்தில் இன்னும் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும்போது, கூட நடந்து வருவது அந்த நர்சம்மாதான்.

இனி அந்த ஒரு நிமிடம்.

மத்திய அரசு 2005இல் வெளியிட்டு 2010இல் திருத்திய வழிகாட்டுதல் இருக்கிறது: துணை செவிலியர், சுகாதாரப் பார்வையாளர், ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோர் பிரசவம் பார்ப்பது எப்படி என்பதற்கானது. அது சொல்லும் வரிசை இப்படி. பிள்ளை வெளியே வந்ததும் வயிற்றைத் தொட்டு இன்னொரு பிள்ளை உள்ளே இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். உடனே 10 யூனிட் ஆக்ஸிடோசின். பிறகு கொடியைப் பதமாக இழுத்து நஞ்சை எடுக்க வேண்டும். கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும். மருத்துவர் சீட்டு எழுதக் காத்திருக்க வேண்டாம். இது அவருடைய கடமை. ஆனால் அதே மருந்தை, அதே கை, பிள்ளை பிறப்பதற்கு முன் வலியைக் கூட்டுவதற்காகப் போடக் கூடாது. அந்த வேலை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும். கருப்பை கிழியலாம், பிள்ளை மூச்சுத் திணறிப் போகலாம், அதனால்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது பாருங்கள். பிறப்பு என்ற அந்தக் கணத்தில். அதற்கு முன் போட்டால் விதிமீறல், அதற்குப் பின் போடாவிட்டால் கடமை தவறியது. எனக்குத் தெரிந்து செவிலியர் தொழிலில் இவ்வளவு அழகாகவும் கூர்மையாகவும் வரைந்த கோடு வேறு இல்லை. அறிவியலைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதியது. ஆனால் அது இருப்பது ஒரு வழிகாட்டுதலில், சட்டத்தில் அல்ல. சாந்தோம் பதிவேட்டை ஆளும் 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இந்தக் கோடு தெரியாது.

வேறொரு இடத்தில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. மருந்து விதிகளின் கே அட்டவணையில் 23ஆம் இனம். துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்களும் செவிலியர்களும் அரசுத் திட்டங்களில் மருந்து வழங்க உரிமம் தேவையில்லை என்று அது விலக்கு அளிக்கிறது. மருந்து கொடுப்பதற்கான விலக்குதான் அது. என்ன நிலை என்று தானே முடிவெடுத்து மருந்தைத் தொடங்குவதற்கான அதிகாரத்தை அது தருவதில்லை. இன்னொரு பக்கம், தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019இன் 34ஆம் பிரிவு, பதிவு பெறாதவர் மருத்துவம் செய்யக் கூடாது என்கிறது. செவிலியர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

நடுவில் நிற்பதன் விலை என்ன என்பது 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவில் தெரியும். கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. அதையே பதிவு பெற்ற மருத்துவர் ஒரு சிகிச்சையின்போது செய்திருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை. பதிவு பெற்ற மருத்துவர் யார் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது: மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவப் பதிவேட்டில் இருப்பவர். செவிலியர் பதிவேடு அந்த விளக்கத்தில் இல்லை. ஒரே லேபர் ரூமில், ஒரே உதிரப்போக்கில், மருத்துவருக்கு ஒரு அளவுகோல், மருத்துவர் இல்லாததால் தனியாகப் போராடிய நர்ஸுக்கு இரண்டரை மடங்கு. இதை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். எழுதும்போது அவர் நினைவில் வரவில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் சட்டம் இயற்றியபோது செவிலியரை மறக்காமல் சேர்த்துக்கொண்டது. நினைவில் வைத்து எழுத முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஜன்னி வந்த கர்ப்பிணிக்கும் இதே நிலைதான். மெக்னீசியம் சல்பேட், ஒரு பிட்டத்துக்கு 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம் போட்டு, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. மலையிலிருந்து அனுப்பப்படுபவர்கள் போய்ச் சேரும் இடமாகச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 முதல் இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதன் உருப்படியான பலன் அது. அதற்கு முன் இதே வண்டிகள் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஓடின. ஆனாலும் வளைவுகளில் வண்டி இறங்கும் அந்த நேரத்துக்குள் நடப்பது முதல் ஊசியைப் போட்டவரின் கணிப்பைப் பொறுத்தது.

அப்படிப்பட்ட கணிப்பை எதிர்பார்த்து வேலைக்கு எடுத்தவர்களுக்கு 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடியபோது கேட்டது காலமுறை ஊதியமும் நிரந்தரப் பணியும். பிறகு தொகை உயர்ந்தது, காத்திருப்பு தொடர்ந்தது. ஒப்பந்தத்தில் இருப்பவர் மேலதிகாரியிடம் ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று உரத்துச் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் நேராக ஆம்பியூலுக்குள் போய்ச் சேர்கிறது.

இப்போது எல்லாச் சட்டமும் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. கல்விக்கு ஒரு வாரியம், மதிப்பீட்டுக்கு ஒன்று, ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் ஒன்று என்று மூன்று வாரியங்கள். மாநிலங்களும் தங்கள் ஆணையங்களை அமைக்க ஓராண்டு தவணை கொடுத்தது அது. மாநிலங்களின் உரிமையை மையம் விழுங்குகிறதோ என்ற கவலை தமிழ்நாட்டில் இருக்கிறது, நியாயமான கவலை. அந்த வாதம் நடக்கட்டும். அதற்கு நடுவே, மாநிலத்தின் கையில் இருக்கும் விதிகளில் கல்வராயன் மலை லேபர் ரூமுக்குத் தேவையானதை எழுதிவிட முடியும்: பதிவு பெற்ற, பயிற்சி முடித்த செவிலியர் எந்த நிலையில், எந்த மருந்தை, எவ்வளவு தானே தொடங்கலாம், அப்படித் தொடங்கியவர் வழிகாட்டுதலைப் பின்பற்றியிருந்தால் எந்தப் பாதுகாப்பு உண்டு, தொலைபேசியில் மருத்துவர் சொன்ன ஆணையை எப்படிப் பதிவு செய்வது, மருந்து குளிரில் இல்லை என்று செவிலியர் எழுதிக் கொடுத்தால் யார், எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். 2010 வழிகாட்டுதலில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. அதை விதி என்ற இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

சமவெளியில் இதே ஆம்பியூல் வேறு கைகளிலும் சிக்குகிறது என்பதால்தான் இது அவசரம். பட்டமில்லாமல் ஊசி போடுபவர்கள், வலி வர ஒரு ஊசி என்று டிரிப்ஸில் கலந்து ஏற்றிவிட்டு, நிலைமை கைமீறியதும் அரசு மருத்துவமனைக்குத் தள்ளுவார்கள். பயிற்சி பெற்றவரின் அதிகாரம் தெளிவில்லாமல் இருக்கும் ஊரில், பயிற்சியே இல்லாதவருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் மக்களுக்கு மங்கலாகிப்போகிறது. இருவரும் ஊசி போடுகிறார்கள், அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது.

உடைத்த குப்பிக்கும் விதி உண்டு. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி கண்ணாடி நீலக் குறியிட்ட பெட்டிக்கு, ஊசி வெள்ளைக் கலனுக்கு. அந்தப் பெட்டியை மூடி, தேதி எழுதி, வண்டிக்குக் கொடுப்பதும் அதே ஷிப்ட் நர்ஸின் பொறுப்பில்தான் நடக்கிறது.

அடுத்த குப்பி வழியில் இருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின், ஆக்ஸிடோசினுக்குக் குறைவில்லை என்று இந்தியா உட்பட 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், மின்சாரம் போனாலும் கெடாது. வெள்ளிமலை மாதிரி இடத்துக்கென்றே செய்தது போன்ற மருந்து. அது மலை ஏறும் நாளில், அதன் முதல் பெட்டியோடு, அதை யார் போடலாம் என்ற மாநில விதியும் கூடவே போக வேண்டும்.